பட்டு வாங்கத் திருபுவனம் வாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த 'பேஷன் பிரியர்களின் சொகுசுக் கடைகள்' கட்டுரையைப் படித்தேன். எல்லாமே சென்னைக் கடைகள், சென்னை பார்லர்கள். கும்பகோணத்தில் 22 வருடமாக பிளவுஸ் தைக்கிறவள் என்பதால் எனக்கு மனசு கேட்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்து மயிலாடுதுறை சாலையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருபுவனம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பட்டு. புடவையை விசிறி மாதிரி மடித்து வைத்திருப்பார்கள், கடைக்காரர் ஒரு முனையைப் பிடித்து உதறும்போது முந்தானை சரசரவென்று விரியும், அந்தச் சத்தத்துக்காகவே நான் தேவையில்லாமல் இன்னொரு புடவையைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன். ஜரிகையை லேசாக உரசிப் பாருங்கள், உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் நல்ல ஜரிகை. சுத்தமான பட்டுதான் என்று உறுதி சொல்லும் சில்க் மார்க் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். அப்புறம் மயிலாடுதுறையின் கூறைநாடு: பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட கூறைப் புடவை அங்கேதான் பிறந்தது. இப்போது அதை நெய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதுதான் என் பெரிய கவலை.

சொகுசு என்றால் பார்லர் மட்டுமா? சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், தலை காய்ந்ததும் நாலு முழம் மல்லிகை, பித்தளை டபராவில் டிகிரி காபி. எனக்கு இது போதும்.

அடுத்த இணைப்பில் ஒரு பக்கமாவது எங்கள் நெசவாளர்களுக்கு ஒதுக்குங்கள், சார். நிருபரை அனுப்பினால் தறி வீடுகளுக்கு நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி, கும்பகோணம்