சியாட்டிலில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அயர்லாந்தின் கால்வேயில் நாங்கள் இருவரும் நலம். நீ சேர்ந்திருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில்தான் ஐரிஷ் மொழிப் பாடகர் ஜோ ஹீனி தம் கடைசிக் காலத்தில் மாணவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார் என்பதை அறிந்ததிலிருந்து, அவரைப் பற்றி உனக்கு விரிவாக எழுத வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டே இருக்கிறது. 1984 மே 1 அன்று அவர் உயிர் பிரிந்ததும் சியாட்டிலில்தான். உடலை அயர்லாந்துக்குக் கொண்டுவந்து, மேற்குக் கரைப் பகுதியான கானமாராவில் அவர் பிறந்த கார்னா என்ற ஊருக்கு அருகே, கடலோரத்து மாய்ரஸ் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தையொட்டி அந்த ஊரார் அவர் நினைவாகக் கூடிப் பாடுகிறார்கள்; இந்த முறை அப்பாவும் நானும் போயிருந்தோம்.

அவர் பாடிய முறைக்கு ஷான் நோஸ் என்று பெயர். பக்கவாத்தியம் கிடையாது, சுருதிக்குத் துணை கிடையாது, தாளம்கூடப் பாட்டின் சொற்களுக்குக் கட்டுப்பட்டே நடக்கும். கார்னாவில் முதியவர் ஒருவர் கண்களை மூடிப் பாடத் தொடங்கியதும், அருகில் அமர்ந்திருந்தவர் அவருடைய கையைப் பற்றி, பாட்டின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தார். ஓர் அசையை நீட்டி அதில் நுண்ணிய அசைவுகளைக் கோக்கும் இடங்களில் அந்தக் கை தயங்கி நின்றது. அடுத்த அடிக்கு மூச்செடுக்கும்போது மறுபடி சுழன்றது. கடைசிச் சொற்களை அவர் இசையின்றி, சாதாரணப் பேச்சாகவே சொல்லி முடித்தார்.

1919இல் பிறந்த ஹீனி, தந்தையும் பாட்டியும் பாடுவதைக் கேட்டே வளர்ந்தவர். 1942இல் தேசிய அளவிலான ஐரிஷ் மொழிப் போட்டியில் முதல் பரிசு பெற்றும், பாட்டு அவருக்குச் சோறு போடவில்லை. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து என்று கட்டட வேலைக்குப் போனார். 1965இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடியவர், பின்னர் நியூயார்க்கில் குடியேறி, அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் வாயிலில் சீருடை அணிந்து கதவு திறந்துவிடும் வேலை பார்த்தார். இதைப் பலர் அவமானமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உழைத்துச் சாப்பிடுவதில் குறையொன்றும் இல்லை. தம் மொழியறிந்து, பாட்டின் இடமறிந்து தலையசைப்பவர்கள் சுற்றிலும் இல்லாமல் இத்தனை ஆண்டுகள் அவர் அந்தப் பாட்டுகளை மனத்துக்குள் காப்பாற்றிவந்தார் என்பதே என்னைக் கலங்கச் செய்கிறது.

அவருடைய பாட்டுகளில் நீ முதலில் கேட்க வேண்டியது ‘மூன்று மரியாள்களின் புலம்பல்’. சிலுவையில் கிடக்கும் மகன் இயேசுவைப் பார்த்துத் தாய் மரியாள் அரற்றும் பாட்டு, பாட்டியிடம் கற்றது. ஒவ்வோர் அடிக்குப் பின்னும் ‘ஓஹோன்’ என்ற அழுகை திரும்பத் திரும்ப வரும். இழவு வீட்டில் பெண்கள் ஒப்பாரி வைத்த வழக்கம் அந்த ஒரு சொல்லில் உயிரோடிருக்கிறது. அவர் அதைக் குரல் தழுதழுக்கப் பாடுவதில்லை. அழுது காட்டாமல், சொல்லுக்குச் சொல் நிறுத்தி, அந்தத் தாயின் அருகில் நிற்பவர்போலப் பாடுகிறார். கேட்ட அன்று எனக்கு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

1982இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கான உயரிய விருதை முதன்முறையாக வழங்கியபோது, பெற்றவர்களுள் அவரும் ஒருவர். அதற்குள் நுரையீரல் நோய் அவரைப் பிடித்திருந்தது. மூச்சையே முதலாகக் கொண்டு வாழ்ந்தவருக்கு அந்த நோய் வந்ததை எண்ணினால் நெஞ்சு வலிக்கிறது. ஆனாலும் மாணவர்கள் எதிரே அமர்ந்து கேட்டதும், அவர்களுக்குப் பாட்டோடு அதன் கதையையும் சேர்த்துக் கொடுக்க முடிந்ததும் அவருக்குக் கடைசியில் கிடைத்த பெரும்பேறு என்றே நினைக்கிறேன். பாட்டு பிறந்த கதையைச் சொல்லாமல் பாடுவதை அவர் அரைகுறையாகவே கருதினார்.

அவருடைய ஒலிப்பதிவுகள் உன் பல்கலைக்கழகத்தின் இசையியல் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. படிப்புச் சுமை குறைந்த ஒரு நாளில் அங்கே போய்க் கேள். பாட்டுக்கு முன் அவர் பேசும் பகுதியைத் தள்ளிவிட்டுப் போகாதே, கண்ணம்மா. எந்தப் பாட்டைக் கேட்டாய், அதற்கு அவர் சொன்ன கதை என்ன என்பதை எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா