சீகிரியாவுக்குப் போய் அன்றைக்கே திரும்ப ஒரு பஸ் வேண்டி

அரசாங்க அதிபர் / மாவட்டச் செயலாளர்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

ஊடாக: பிரதேச செயலாளர், ஏறாவூர்ப்பற்று, செங்கலடி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

சனி, ஞாயிறு தினங்களிலும் பாடசாலை விடுமுறையிலும் மட்டக்களப்பிலிருந்து சீகிரியாவுக்கு நேரடி பஸ் சேவை கோருதல்

நான் செங்கலடியில் தச்சுப் பட்டறை ஒன்றில் நாட்கூலிக்கு வேலை செய்பவன். போன பாடசாலை விடுமுறையில் அம்மாவையும் அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரையும் சீகிரியாவுக்குக் கூட்டிப்போனேன். வரலாற்றுப் பாடத்தில், சீகிரியாக் குன்றின்மேல் அரண்மனை கட்டிய காசியப்ப மன்னனின் கதையைப் படித்த நாள் முதல் மூத்தவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வாடகைக்கு வான் பிடிக்க வசதியில்லை. பஸ்ஸில் போய் அன்றைக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தோம்.

விடிய 4 மணிக்கு வீதியில் வந்து நின்றோம். கொழும்பு பஸ், சீகிரியாவுக்குத் திரும்பும் இனாமலுவச் சந்தியால்தான் போகிறது. ஆனால் வந்த பஸ்ஸில், எங்கே இறங்கினாலும் கொழும்பு வரைக்குமான காசு தரவேண்டும் என்றார்கள். நாலு பேருக்கு அது கட்டாது. சரி என்று பொலன்னறுவைக்குப் பக்கத்திலுள்ள கதுருவெலைக்கு ஒரு பஸ், ஹபரணைக்கு ஒன்று, இனாமலுவவுக்கு ஒன்று, அங்கிருந்து சீகிரியாவுக்கு இன்னொன்று என நாலு பஸ் ஏறி இறங்கினோம். ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தூரம். குன்றின் அடிக்குப் போய்ச் சேர 11 மணியாகிவிட்டது. காலையில் ஏறியவர்கள் அப்போது இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

ஏறத்தாழ 1200 படி. உச்சி வெயிலில் இரும்புக் கைபிடியைத் தொடவே முடியவில்லை. கொண்டுபோன தண்ணீர் பாதி வழியிலேயே முடிந்தது. சிங்கப் பாதங்களுக்குப் பக்கத்தில் அம்மா இருந்துவிட்டார். செருப்பைக் கழற்றி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஏறிட்டு வாங்க மனே, நான் இதில இருக்கன்" என்றார். அதற்கு மேலே கடைசி ஏணிப்படிதான் மிச்சம். காலை 8 மணி வெயிலாக இருந்திருந்தால் அம்மாவும் ஏறியிருப்பார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கண்ணாடிச் சுவர் என்று சொல்லும் மினுக்கிய சுவரில் அந்தக் காலத்துப் பயணிகள் கீறிவைத்த வரிகளை மருமகள் எட்டி எட்டிப் பார்த்தாள். பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுதப்பட்டவை. அவற்றில் 685 பாடல்களைப் பேராசிரியர் பரணவிதான வாசித்து 1956இல் வெளியிட்டார். ஓவியங்களைப் பார்க்க எங்கெங்கோ இருந்து வந்த சாதாரண ஆட்களும் அதில் எழுதியிருக்கிறார்கள். இதையெல்லாம் பிள்ளைக்கு நின்று நிதானமாகக் காட்ட எனக்கு நேரமிருக்கவில்லை. திரும்புகிற பஸ்ஸைப் பற்றிய யோசனையிலேயே அவசரப்படுத்தி இறக்கிக்கொண்டு வந்தேன்.

அப்படி வந்தும் பயனில்லை. கதுருவெலையில், நிற்கவாவது இடமுள்ள பஸ் வர இரவு 10 மணி. புனானைப் பக்கம் வீதியில் யானை நின்றதால் அங்கேயும் தாமதம். சின்னவன் என் தோளிலேயே தூங்கிவிட்டான். வீடு வந்து சேர்ந்தபோது நடுச்சாமம் தாண்டிவிட்டது. அடுத்த நாள் கூலியும் போய்விட்டது.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். விடிய 3.30க்கு மட்டக்களப்பில் புறப்பட்டு, ஏறாவூர், செங்கலடி, வாழைச்சேனை, பொலன்னறுவை வழியாக நேரே சீகிரியாவுக்குப் போகும் ஒரு பஸ். அதே பஸ் பிற்பகல் 2 மணிக்குத் திரும்பினால், யானை வீதிக்கு வரும் நேரத்துக்கு முன் பாதிக்கு மேல் வந்துவிடலாம். முதலில் ஒரு விடுமுறைக்கு மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். அதுவரைக்கும், கொழும்பு பஸ்களில் இனாமலுவவில் இறங்குகிறவர்களிடம் அந்த இடத்துக்கான கட்டணத்தை மட்டும் வாங்கச் செய்தாலே எங்களுக்குப் பெரிய உதவி.

கிழக்கு, வட மத்தி, மத்திய என்று மூன்று மாகாணங்களைத் தொடும் சேவை என்பதால் இது உங்கள் ஒருவர் கையில் மட்டும் இல்லை என்பது தெரியும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதை எடுத்து, உரிய போக்குவரத்து அதிகாரிகளிடம் பேசித் தருமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருவில் இதே பஸ்ஸைக் கேட்பவர்களின் கையொப்பங்களை இணைத்துள்ளேன்.

அடுத்த விடுமுறையில் மறுபடி கூட்டிப்போவதாக அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
மனுதாரர்,
செங்கலடி.