இன்ஜின் பெரிசு, கியர்பாக்ஸ் பழசு

அம்பாசமுத்திரம்
தை 8

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. அத்தைக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே பிசானம் கதிர் விட்டு நிற்கிறது. பெரியவளுக்குப் பாளையங்கோட்டையில் வேலை கிடைத்துவிட்டது. தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

சரி, வண்டிக்கு வருகிறேன். உன் டாடா 407 லாரியின் இன்ஜினை இறக்கிவிட்டு டாடாவின் 497 இன்ஜினை ஏற்றலாமா, கியர்பாக்ஸ் பழையதே இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். ஏற்றலாம். நம் வண்டியில் அதுதான் ஓடுகிறது.

497 என்றால் நாலு சிலிண்டர், போர், அதாவது சிலிண்டரின் குறுக்களவு, 97 மில்லி. நம் பழைய 2956 சிசி இன்ஜினுக்கும் போர் அதே 97தான். ஆனால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் அதில் 100 மில்லி, இதில் 128. கூடுதலாக வரும் எண்ணூற்றுச் சொச்சம் சிசி முழுக்க அந்த 28 மில்லியில் கிடைப்பது. அதனால் ஓட்டம் கூடும் என்று எதிர்பார்க்காதே, இழுவைதான் கூடும். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு புளியரை எஸ் வளைவில் ஏறும்போது முன்பு முதல் கியரில் முக்கி முனகி ஏறிய இடத்தில் இப்போது இரண்டாவதிலேயே போகிறது. இன்ஜின் உயரமும் கூடும். பானெட்டுக்கு அடியில் இடம் அளந்து பார்த்துவிட்டு விலை பேசு.

கிளட்சில் ஒரு விஷயம் கவனி. பிளேட்டின் நடுவில் இருக்கும் ஸ்ப்ளைன், அதாவது பல் வரிகள், கியர்பாக்ஸ் சாப்ட்டுக்குப் பொருந்த வேண்டும், வெளிவட்டம் புது இன்ஜினின் பின்னால் சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைந்த பிளேட்டைத் தேடி எடு. ஏதோ ஒன்றைத் தட்டி மாட்ட விடாதே.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு வலித்த இடம். முதல் தடவை ஏற்றிய பட்டறையில், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங் சரியாக உட்காரவில்லை. போல்ட்டை இறுக்கியே இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள். கூடவே நின்று பார்த்த எனக்கும் அது தப்பு என்று படவில்லை. நாலு மாதத்தில் டாப் கியர் தானாக நழுவ ஆரம்பித்தது. கிளட்சை மிதித்தாலும் கியர் கரகரவென்று விழும். இறக்கிப் பார்த்தால், ஃப்ளைவீல் நடுவில் கியர்பாக்ஸ் சாப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கில் குண்டு ஒன்றுகூட முழுசாக இல்லை. அந்த நுனியும் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. அப்பா வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூடப் பிரிக்காத கியர்பாக்ஸ் அது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் தடவை வேறு மேஸ்திரியிடம் போனேன். அவர் கியர்பாக்ஸைத் தொடவே இல்லை. வெறும் பெல் ஹவுசிங்கை மட்டும் இன்ஜினில் மாட்டி, நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் டயல் கேஜை ஃப்ளைவீலில் நிறுத்தி, அதன் நுனியை ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பில் தொட வைத்தார். பையன் முன்னால் கிராங்கைக் கையால் மெல்ல மெல்லச் சுற்றினான். முள் ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் இறங்கியது. முழுச் சுற்றில் முக்கால் மில்லி. நான் கேள்விப்பட்ட வரைக்கும் 0.13 மில்லிக்குள் இருக்க வேண்டும். முள் காட்டுவதில் பாதிதான் நடு விலகியிருக்கும் தூரம். லேத்தில் அந்த அளவுக்கு மையம் தள்ளி, ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும் டவல் பின் இரண்டு கடைந்து போட்டார். திரும்பச் சுற்றியபோது முள் லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். கியர்பாக்ஸைத் தூக்கிப் பிடித்ததும் போல்ட் போடுவதற்கு முன்பே கையால் தள்ளினதில் உள்ளே போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மூன்று வருஷம் ஆகிறது. கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது. ஆனாலும் பழைய பற்கள்தானே, கூடுதல் இழுவையைத் தாங்க வேண்டியவை அவைதான். ஏற்றத்தில் நின்ற வண்டியை எடுக்கும்போது ஆக்சிலேட்டரை அமுக்கிக்கொண்டு கிளட்சைப் பட்டென்று விடாதே. உன் டிரைவர் பையனிடமும் சொல்லிவிடு. பாரமும் பழைய பாரமே இருக்கட்டும். பிரேக்கும் ஆக்சிலும் மாறவில்லை அல்லவா?

இன்னொன்று. இன்ஜின் வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கேள். மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றி அமைப்பது பற்றிய 52-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஆர்.சி.யில் ஒன்றும் வண்டியில் ஒன்றும் இருந்தால் எப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போகும்போது மாட்டிக்கொள்வாய். அனுமதி தரவில்லை என்றால் பழைய இன்ஜினின் சிலிண்டரையே கடைந்து போரிங் பண்ணி ஓட்டு.

அப்புறம், உன் கியர்பாக்ஸ் முன் சாப்ட்டில் ஸ்ப்ளைன் எத்தனை என்று எண்ணி எழுது. மாசி பிறந்ததும் பழைய கிளட்ச் பிளேட்டை எடுத்துக்கொண்டு வா. மேஸ்திரியிடம் நானே கூட்டிப் போகிறேன்.

உன் கூட்டாளி