மழை ஷாட்டை எங்கே வைப்பது

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் சூப்பர் ஹீரோ அனிமேஷன் படத்தின் எண்பது நிமிட ரீலை இரண்டு தடவை பார்த்தேன். மழைக்குள் உன் நாயகி பறக்கும்போது நிழலையெல்லாம் ஊதாவாக்கி, முகத்தில் மட்டும் மஞ்சள் வெளிச்சம் விழ வைத்திருக்கிறாயே, அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வராது. ஆனால் கதை நிற்கவில்லையம்மா. இதை உன்னிடம் மழுப்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவளால் என்ன முடியாது என்று படம் எங்கேயும் சொல்லவில்லை. 12-ஆம் நிமிடத்தில் பாலத்தைத் தாங்குகிறாள், 40-இல் ரயிலை நிறுத்துகிறாள், 71-இல் வில்லன் ஒரே அடியில் வீழ்த்திவிடுகிறான். ஏன் விழுந்தாள்? கதைக்குத் தேவைப்பட்டது, விழுந்தாள். அதனால்தான் பார்ப்பவருக்குப் பதற்றமே வரவில்லை.

எல்லையை முதல் 20 நிமிடத்துக்குள், ஒரு சின்ன விஷயத்தில் காட்டிவிடு. பறந்து இறங்கியதும் பத்து நிமிடம் அவளுக்குக் காது கேட்காது என்று வைத்துக்கொள். முதலில் அது வீட்டுச் சங்கடம்தான்: தம்பி கூப்பிடுகிறான், திரும்பாமல் போய்விடுகிறாள், அவன் முகம் சுருங்குகிறது. அதே காது கடைசிச் சண்டையில் கேட்காமல் போகும்போது, வில்லன் பின்னால் வருவது பார்ப்பவருக்குக் கேட்கும், அவளுக்குக் கேட்காது.

உன் குழுவில் யாருக்கும் திறமை குறைவு இல்லை. நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 80 நிமிடத்துக்கு 1,15,200 ஃப்ரேம். இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் வரைந்தாலும் 57,600. அத்தனை உழைப்பில் முடிந்த ஷாட்டை எவரும் தூக்கிப்போட மாட்டார்கள். அதைக் காப்பாற்றக் கதைதான் வளைந்து கொடுக்கும். அதனால் கதையைப் பென்சில் கோட்டில் இருக்கும்போதே உடைத்துப் பார்க்க வேண்டும். 1993 நவம்பரில் ‘டாய் ஸ்டோரி’யின் கதை ரீலை டிஸ்னியில் போட்டுக் காட்டியபோது, அதன் நாயகனான பொம்மை வுடி யாருக்கும் பிடிக்காத கொடுமைக்காரனாக இருந்தான். தயாரிப்பை நிறுத்திவிட்டுக் கதையைத் திருத்தினார்கள். 1995-இல் நாம் பார்த்த வுடி அப்படி வந்தவன்தான்.

ஆகவே, கடைசி 25 நிமிடத்துக்கு வண்ணம் தீட்டுவதை இப்போதே நிறுத்து. அந்தப் பகுதியை ஸ்டோரிபோர்டாக, அதாவது காட்சிக்குக் காட்சி பென்சில் படங்களாகத் திரும்ப வரைந்து, உங்கள் குரலிலேயே வசனம் பேசி, அந்தப் படங்களை வரிசையாக அனிமேட்டிக்காக ஓட்டு. பின்னணி இசை வேண்டாம். காலியான காட்சியைக்கூட இசை நிரப்பிக் காட்டிவிடும். கதை தெரியாத மூன்று பேரை உட்கார வை. 30-ஆம் நிமிடத்தில் நிறுத்தி, “அவளுக்கு என்ன வேண்டும்?” என்று மட்டும் கேள். “பிடித்திருக்கிறதா?” என்று கேட்டால் ஓவியத்தைப் பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று பேரும் மூன்று பதில் சொன்னால் முதல் பகுதியையும் திருத்த வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. முதல் காட்சியிலேயே சிவப்பையும் நீலத்தையும் உச்சத்துக்குக் கொண்டுபோய்விட்டாய், கடைசிச் சண்டைக்கு மிச்சம் இல்லை. நடுப்பகுதியை மங்கலாக்கு.

ஓவியமே கதை சொல்லவும் முடியும். 2018-இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தின் காட்டுக் காட்சியில், இன்னும் பழகாத புது ஸ்பைடர்-மேன் மைல்ஸை ஆன் டூஸிலும் (இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு அசைவு) கைதேர்ந்த ஸ்பைடர்-மேன் பீட்டரை ஆன் ஒன்ஸிலும் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு அசைவு) அசைய விட்டிருக்கிறார்கள். ஒருவன் தடுமாறுகிறான், மற்றவன் வழுக்கிப் போகிறான், வசனமே தேவையில்லை.

உன் மழை ஷாட் இப்போது 50 நொடி, அதாவது 1,200 ஃப்ரேம். அதற்கு முன்னும் பின்னும் அவளுக்குள் எதுவும் மாறவில்லை. வெட்ட வேண்டாம், மனசு வராது. தம்பியைத் தேடி முதல் தடவை பறந்து இறங்கி, அடுத்த நொடியே மறுபடி எழும் இடத்துக்கு நகர்த்து. மழைச் சத்தத்தை முழுக்க எடுத்துவிடு. அவன் கீழே நின்று வாயசைக்கட்டும்.

அன்புடன்,
அப்பா