மாட்டு மணியோடு வந்த பயிற்சியாளர்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரக் கூட்டத்தில் பத்தாம் வகுப்புப் பெற்றோர் பலர் ஒரே கோரிக்கையோடு வந்திருந்தீர்கள்: "இந்த வருஷம் மட்டும் விளையாட்டு வேண்டாம் சார்." சரி என்று சொல்லிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் ஒரு பையன் டியூஷன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்து வேலியோரம் நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதிருந்து மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எட்டி ராபின்சன் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். அமெரிக்காவில் லூசியானாக்காரர், 1919-இல் பிறந்தவர். அப்பா விளைச்சலில் பங்குக்கு அடுத்தவர் நிலத்தை உழுதார், அம்மா வீட்டு வேலைக்குப் போனார். படித்து முடித்த பிறகும் தீவன மில்லில் மணிக்கு 25 சென்ட் கூலிக்குத்தான் நின்றார். 1941-இல், 22 வயதில், கிராம்ப்ளிங் என்ற சிற்றூரில் கறுப்பின மாணவர்கள் படித்த சிறிய கல்லூரி அவரைக் கால்பந்துப் பயிற்சியாளராக எடுத்தது. நம் பிள்ளைகள் உதைக்கும் பந்து இல்லை இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்.

மைதானத்தில் புல் வெட்டி, கோடு போட்டு, பையன்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டு, பத்திரிகைக்கு ஆட்டச் செய்தி எழுதுவது வரை அவரே செய்தார். வெளியூர் போனால் வழியில் வெள்ளையர் ஓட்டல்களில் உட்கார விடமாட்டார்கள். அதனால் சாண்ட்விச் கட்டி எடுத்துப் போவார். முதல் வருஷம் 3 வெற்றி, 5 தோல்வி. அடுத்த வருஷம் 9 ஆட்டமும் வெற்றி, எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு முறை இரண்டு பையன்களை அவர்கள் அப்பா பருத்தி எடுக்க வீட்டோடு நிறுத்திக்கொண்டார். ராபின்சன் சண்டைக்குப் போகவில்லை. மொத்த அணியையும் கூட்டிக்கொண்டு பருத்திக்காட்டுக்குப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டு, பையன்களை ஆட்டத்துக்கு அழைத்து வந்தார்.

காலை ஆறரைக்கு விடுதி வராந்தாவில் மாட்டு மணியை ஆட்டிக்கொண்டே நடப்பார். எழுப்புவது பயிற்சிக்கு என்றுதானே நினைப்போம்? வகுப்புக்கு! எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். பந்தும் பாடமும் அவருக்கு ஒரே வேலை.

அப்புறம் அந்தக் கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கே இயக்குநராகவும் இருந்தார். 1997 வரை அங்கேயே பயிற்சியளித்து 408 வெற்றி கண்டார். கடைசி மூன்று வருஷம் தோல்விகளே அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். 200-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். அவர்களில் டக் வில்லியம்ஸ் 1988-இல் அந்த ஆட்டத்தின் தொழில்முறை இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார், பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் தொடக்கம் முதல் ஆடி அதை வென்ற முதல் கறுப்பினத்தவர். பத்து வருஷம் கழித்து அவரே ராபின்சனின் இடத்துக்கு வந்தார்.

நம் பள்ளியில் திங்கள் முதல் மாலை நாலரைக்கு ஒரு மணி நேரம் பயிற்சி. அது முடிந்ததும் அதே பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரம் படிப்பு, நானே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன். வீட்டுப்பாடம் முடிக்காதவர்களுக்கு மறுநாள் மைதானம் கிடையாது. கடையில் ஆள் இல்லை, வீட்டில் உடம்பு சரியில்லை என்று பிள்ளையை நிறுத்த வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்து ஒரு வழி பார்ப்போம்.

சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். கையெழுத்துப் போட மனம் வராதவர்கள் காலை எட்டரைக்கு வாருங்கள், மைதானத்தில்தான் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்