கோபகபானாவில் ஒரு கைப்பை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ பற்றி வெளியான பயணக் கட்டுரையை, அந்நகருக்கு முதன்முறையாகச் சென்று திரும்பி ஒரு வாரமே ஆகியிருந்த நானும் என் மனைவியும் சேர்ந்து படித்தோம். கட்டுரையின் முக்கால் பங்கு வழிப்பறிக்கும் கைப்பேசித் திருட்டுக்குமே போய்விட்டது. அவை பொய்யல்ல, நாங்களும் நகை, கைக்கடிகாரம் எதுவும் அணியாமல், அன்றைய செலவுக்கு வேண்டிய பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டுதான் வெளியே இறங்கினோம். ஆனால் அந்த அச்சத்தோடு போன எங்களுக்கு முதல் நாளே நேர்ந்தது வேறு.

கோபகபானா கடற்கரையில் குடையும் நாற்காலியும் வாடகைக்கு எடுத்து உட்கார்ந்த கால் மணி நேரத்தில், பக்கத்துக் குடையிலிருந்து எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் எழுந்து வந்து, போர்த்துகீசிய மொழியில் ஏதோ சொல்லி, தம் கைப்பையையும் மூக்குக்கண்ணாடியையும் என் மனைவியின் காலருகே வைத்துவிட்டுக் கடலை நோக்கி நடந்தார். யாரையும் நம்பாதீர்கள் என்று சொல்லி அனுப்பப்பட்ட எங்களை, முன்பின் தெரியாத ஒருவர் நம்பிவிட்டுப் போயிருந்தார். அவர் திரும்பும் வரை என் மனைவி கடலையே பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குளிக்கப் போகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் உடைமைகளை ஒப்படைப்பது அங்கே சர்வ சாதாரணம் என்று விடுதியில் பிறகு சொன்னார்கள்.

ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளும் அந்தக் கடற்கரையின் ஓரமாக, கறுப்பு வெள்ளைக் கற்களை அலையலையாகப் பதித்த நடைபாதை ஓடுகிறது. உயிர்காப்பாளர் நிலையங்களுக்கு எண் இட்டிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் தெருப்பெயரை விட அந்த எண்ணைச் சொல்லித்தான் சந்திக்குமிடத்தைக் குறிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அட்லாண்டிகா நெடுஞ்சாலையின் கடலோரப் பாதியில் வாகனப் போக்குவரத்தை நிறுத்திவிடுவதால், குழந்தைகளின் மிதிவண்டிகளும் முதியவர்களின் நடையும் சாலையை நிறைத்துவிடுகின்றன. மணலில் வலை கட்டி, கையால் தொடாமல் காலாலும் தலையாலும் மார்பாலுமே பந்தைத் தட்டும் 'ஃபுட்டிவாலி' ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலையைக் கழித்தோம்.

இரு தோள்களிலும் எஃகுப் பாத்திரங்களைத் தொங்கவிட்டு, ஒன்றில் குளிர்ந்த மாத்தே தேநீரும் மற்றொன்றில் எலுமிச்சைச் சாறும் சுமந்து வருகிறவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எழுத்தில் மாத்தே, ரியோக்காரர் வாயில் 'மாச்சி'. கோப்பையைப் பாதி காலி செய்ததும் மறுபடி நிரப்பிக் கொடுத்தவரின் கழுத்தில் பணம் செலுத்துவதற்கான கியூ.ஆர். அட்டை தொங்கியது, நாங்கள் ரியால் நோட்டை நீட்டியபோது சில்லறைக்குத்தான் அவர் திண்டாடினார்.

கார்கோவாடோ குன்றின் மீது 1931-இல் திறக்கப்பட்ட, 30 மீட்டர் உயர கிறிஸ்து சிலையைக் காண ஏறிய நாளில் மேகம் மூடி, பாதங்கள் மட்டுமே தெரிந்தன. அதில் எங்களுக்குப் பெரிய வருத்தமில்லை. அர்பொவாடோர் பாறையில் சூரியன் மறைந்த கணத்தில் கூடியிருந்தோர் அனைவரும் கைதட்டியபோது, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் நாங்களும் தட்டினோம்.

திருட்டைப் பற்றித்தான் எழுத வேண்டுமென்றால், கோபகபானா நடைபாதை இருக்கையில் கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கும் கவிஞர் கார்லோஸ் டிரம்மண்ட் டி அந்திராதேயின் வெண்கலச் சிலையைப் பற்றியாவது கட்டுரையாளர் எழுதியிருக்கலாம். 2002-இல் வைக்கப்பட்ட அச்சிலையின் மூக்குக்கண்ணாடியைப் பலமுறை பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள்; நகரத்தாரும் சலிக்காமல் புதிது பொருத்துகிறார்கள்.

பயணிகளை எச்சரிப்பதே நோக்கமானால், எங்களைத் திணறடித்த இரண்டு விஷயங்களைத் தெரிவிக்க விரும்புகிறேன். முதலாவது, சிவப்புக் கொடி பறக்கும் இடத்தில் முழங்கால் அளவு நீரில்கூட நிற்கக் கூடாது. கடலின் இழுப்பு அவ்வளவு வலியது, உயிர்காப்பாளரின் விசில் கேட்ட பிறகுதான் எங்களுக்கு அது உறைத்தது. இரண்டாவது, பிரேசிலிலிருந்து இந்தியா திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பின்னரே அது செல்லுபடியாகும் என்பதால், பயணச்சீட்டு எடுத்த கையோடு அதற்கும் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்