பெட்டியின் அளவு அனுப்பு

பெரும்பாக்கம், சென்னை
ஞாயிறு இரவு

அன்புள்ள ஜெயா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சின்னவள் பன்னிரண்டாவது. ராஜம்மா டீச்சர் குடை பத்திரமாக இருக்கிறது என்று சேரம்பாடிப் பக்கம் போனால் சொல்லிவிடு. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

நான் வேலை பார்க்கும் இடம் உனக்குத் தெரியும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரை, கூவக்கரை சனங்களை ஏற்றிக்கொண்டு வந்து விட்ட எட்டு மாடிக் கட்டடங்கள். வந்து இத்தனை வருஷமாகியும் என் வகுப்புப் பிள்ளைகள் "ஊருக்குப் போறோம் மிஸ்" என்று லீவு கேட்டால், ஊர் என்பது சைதாப்பேட்டைதான்! இங்கிருந்து பஸ் ஏறிப் போகிற தூரம்.

போன மாதம் நாலைந்து இளைஞர்கள் வந்தார்கள். பிளாக்குகளுக்கு நடுவே உள்ள திடலில் நாற்பது அடிக்குக் காடாத் துணி விரித்து, அதில் பென்சிலால் ஒரு அடிச் சதுரங்களாகக் கோடு போட்டார்கள். வருகிற எல்லாரிடமும் ஒரே கேள்வி: "இங்கே வரும்போது எதை எடுத்துக்கிட்டு வந்தீங்க?" அதைச் சதுரத்துக்குள் வரைய வேண்டும். வரையத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வரைந்து கொடுப்பார்கள். குடம், தையல் மிஷின், சாமி படம், கறிவேப்பிலைக் கன்று, ஒருத்தர் வீட்டில் புறாக் கூண்டு. துணி மளமளவென்று நிறைந்தது.

பத்து மணி வாக்கில் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு ஆயாவும் பேரனும் இறங்கி வந்தார்கள். பேரன் தலையில் ஒரு கதவு. நிஜக் கதவு, ஜெயா. நீல பெயிண்ட், ஒற்றைப் பலகை, கீல் கூடக் கழற்றவில்லை. புல்டோசர் வருவதற்கு முந்தின ராத்திரி ஆயா தானே பெயர்த்து எடுத்ததாம். "வூட்டத்தான் எட்த்துகினு வர முடியல, கதவயாச்சும் எட்த்துகினு வந்துட்டேன்" என்றார். இங்கே கொடுத்த வீட்டுக்குத் தான் கதவு இருக்கிறதே, அதனால் இத்தனை வருஷமாக அது கட்டிலுக்கடியில் கிடக்கிறது. உள்பக்கம் என் இடுப்பு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு. வெள்ளம் ஏறி நின்ற அளவு. அதற்கு மேலே சாக்கட்டியில் பால் கணக்குப் புள்ளிகள். வெள்ளத்துக்கு மேலே இருந்ததால் அவை அழியவில்லை. நான் விரலால் தொட்டுப் பார்க்கப் போனேன். "தொடாதம்மா, அழிஞ்சிடும்" என்று ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த இளைஞர்களோடு வந்திருந்த பெண்களில் ஒருத்தி, நல்ல பெண்தான், "பாட்டி, ஒரு அடிக்குள்ள சின்னதா போடுங்க" என்றாள்.

"இன்னாம்மா, என் வூட்டு வாசல் ஒரு அடியா?"

யாரும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பெண்ணே கரித்துண்டை எடுத்து ஆயா கையில் கொடுத்தாள். துணியின் ஓரத்தில் கதவைப் படுக்கவைத்து, ஆயா குனிந்து சுற்றிவரக் கோடு இழுத்தார். ஆறடிக்கு மேல். பேரன் உள்ளே நீலம் அடித்தான், தண்ணீர்க் கோட்டை ஆயா தன் விரலாலேயே போட்டார். அதற்குப் பிறகு சதுரத்தை யாரும் மதிக்கவில்லை. பழைய தெருவின் அடிபம்பை முழு உயரத்துக்கு வரைந்தார்கள். மத்தியானத்துக்குள் அந்தத் துணியில் நடந்து போகலாம் என்ற அளவுக்கு ஒரு தெருவே வந்துவிட்டது.

நம் கொச்சிப் பயணம் நினைவிருக்கிறதா? 2017 ஆரம்பத்தில், ஆஸ்பின்வால் ஹவுஸில், சிலே நாட்டுக் கவிஞர் ரவுல் சூரித்தா ஒரு கிடங்கு நிறையக் கடல்தண்ணீரை நிரப்பி வைத்திருந்தாரே. உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் நடந்தோம். கடலில் இறந்த சிரியா அகதிக் குழந்தை ஆலன் குர்தியோடு மூழ்கிப்போன அண்ணன் காலிப்பை நினைத்துச் செய்தது. அம்மா கரையேறியதும், கப்பலேறிய தலைமன்னாரைப் பற்றித்தான் பேசினார்கள். அன்றைக்கு நாம் போய் இன்னொருவர் துக்கத்தில் இறங்கினோம். இங்கே சனங்கள் தங்கள் சாமான்களைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்தார்கள். எனக்கு இது ரொம்பப் பெரிதாகப் படுகிறது.

பக்கத்துக் கண்ணகி நகரில் 2020-இல் ஸ்டார்ட் இந்தியா என்ற தெருக்கலை அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து கட்டடச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் செய்தார்களே, அவை எனக்குப் பிடிக்கும். அழகு. பிள்ளைகளுக்குப் பெருமை. ஆனால் சுவரில் இருப்பது வந்து வரைந்தவர்கள் கண்ட முகம். காடாத் துணியில் இருப்பது ஆயாவின் கை. இரண்டும் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இரண்டாவது எவ்வளவு அரிது! 2021-இல் குடிசை மாற்று வாரியத்தை வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆக்கினார்கள், அதே வருஷம் அகதிகள் முகாமை மறுவாழ்வு முகாம் ஆக்கினார்கள். நல்ல பெயர்கள், வேண்டியவைதான். எதைக் கொண்டுவந்தாய் என்று கேட்பதற்குப் பெயர் மட்டும் போதாது.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த நம்மை யார் கேட்டார்கள்? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இந்தியாவுக்கு அனுப்ப 5,25,000 பேர் என்று எண்ணில் முடிவானோம். அங்கே கள்ளத்தோணி, இங்கே சிலோன்காரங்க. எங்களுக்கு மண்டபம் முகாம், அப்புறம் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டம். 1968-இல் நம்மைப் போல வந்தவர்களுக்காகவே தொடங்கிய தோட்டம். ராமானுஜம் கப்பலில் இறங்கியபோது எனக்கு நாலு வயது. எதுவும் நினைவில்லை, அந்தத் தகரப் பெட்டியைத் தவிர. அதன் மேல் உட்காரவைத்திருந்தார்கள், சூடாக இருந்தது.

அந்தத் துணியில் எனக்கும் ஒரு இடம் விட்டிருக்கிறார்கள். பிள்ளைகள்தான் கேட்டார்கள், "நீங்க எதை எடுத்துக்கிட்டு வந்தீங்க மிஸ்?" என்று. வரைய உட்கார்ந்தேன், கை வரவில்லை. மூடியில் வெள்ளையாக எழுதியிருந்த குடும்ப அட்டை நம்பர் மறந்துவிட்டது. பூட்டு வலப்பக்கமா இடப்பக்கமா என்று கூடத் தெரியவில்லை. என் அம்மா இருந்தால் கேட்டிருப்பேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

துணியை நகரத்துக் கண்காட்சிக்கு எடுத்துப் போகலாமா என்று அந்த இளைஞர்கள் கேட்டார்கள். போகட்டும், ஆனால் திரும்பி வரணும் என்று பிளாக்கில் கூடி முடிவு செய்தோம். நானும் கை தூக்கினேன். அடுத்த மாதம் பத்தாம் தேதி எடுத்துப் போகிறார்கள். அதுவரை ஆயா வீட்டில், கதவின் மேல் சுருட்டி வைத்திருக்கிறது.

நாங்கள் சென்னைக்கு வரும்போது பெட்டியை உங்கள் வீட்டுப் பரணில் வைத்துவிட்டு வந்தோமே, இன்னும் இருக்கும். உன் அம்மாவைக் கேட்டு இறக்கு. டேப்பு வைத்து நீளம், அகலம், உயரம் அளந்து எழுது. மூடியில் நம்பர் தெரிந்தால் அதையும், பூட்டு எந்தப் பக்கம் என்பதையும். போட்டோ வேண்டாம், அளவு போதும். பத்தாம் தேதிக்குள்.

உன்
சாந்தி